ஆற்று நீரும் மாணவர் கடமையும்

கல்வியின் பயன் யாது என்னும் வினா விழாக் காலங்களில் மேடைதோறும் எழுப்பப்படுவது. அறிவு வளர்தல், ஒழுக்கம் அமைதல், தொழில் வாய்த்தல் எனப் பலரும் பலவாறு விடையிறுப்பர். அவற்றுள் எதனையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், உலகத்துப் பேராறுகளின் பெயர்களையெல்லாம் வரிசை பிறழாது ஒப்புவிக்கும் மாணவன், தன் வீட்டுக்கு அணித்தே ஓடும் ஆற்றின் நீர் குடித்தற்கு உரியதா, குளித்தற்கேனும் உரியதா என்று அறியானாயின், அவன் பெற்ற கல்வியில் ஏதோ ஒரு குறை உண்டென்றே கொள்ளல் வேண்டும்.

கல்லூரி யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், தாய்க் கல்லூரிக்கு யாது செய்வோம் என்று பழைய மாணவர் கூடிச் சிந்திக்கின்றனர். மண்டபம் புதுக்கலாம் என்பார் சிலர். விளையாட்டரங்கு திருத்தலாம் என்பார் சிலர். நினைவு வளைவு எழுப்பலாம் என்பாரும் உளர். இவை யாவும் வேண்டற்பாலனவே. இவற்றோடு வேறொன்றனையும் சேர்த்து எண்ணுமாறு நாம் வேண்டுகின்றோம். வழுக்கியாற்றின் நீரையும் அதன் கரைக் கிணறுகளின் நீரையும் மாதந்தோறும் அளந்து பதிந்து வரும் பணியை நம் மாணவர் கையில் ஒப்புவித்தல் வேண்டும். அதற்குரிய கருவிகளையும் துணையையும் பழைய மாணவர் நல்குதல் வேண்டும். இதுவே நம் கருத்து. தமிழாசிரியருக்கு நீர்ச் சோதனையில் யாது அலுவல் என்று நகைப்பாரும் இருத்தல் கூடும். அவர்க்குரிய விடையைப் பின்னர்க் கூறுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறென்று பெயர் சொல்லத்தக்கது வழுக்கியாறு ஒன்றே. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கங்களில் தோன்றி, கந்தரோடை, சண்டிலிப்பாய் முதலிய ஊர்களின் வயல்களையும் குளங்களையும் அணைந்து, அராலியருகே கடனீரேரியை அடைகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். மாவலியோடு ஒப்பிட்டால் அது வாய்க்காலே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெருகும். வேனிலில் வற்றித் தடமாய்க் கிடக்கும். ஆண்டிற் பாதி நாள் நீரின்றிக் கிடக்கும் இதனை அளந்து யாது பயன் என்று கேட்பவர், நம் நாட்டு நிலத்தின் இயல்பை மறந்தவராவர்.

நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. அக்கல் வெடிப்பும் குழியும் உடையது. பெய்யும் மழை மண்ணூடாகவும் கல்வெடிப்பூடாகவும் இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. சுற்றிலும் கடல் சூழ்ந்திருத்தலால், நிலத்தடியிலே உவர்நீரின்மீது நன்னீர் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே நாற்பதடி உவர்நீர் ஏறும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். ஆகவே, வழுக்கியாறு கடலுக்குச் செல்லும் வழியில் குளங்களிலும் வயல்களிலும் தங்கிச் சுவறவிடும் நீரே வலிகாமத்துக் கிணறுகளுக்கு ஊட்டம் தருவனவற்றுள் ஒன்று. அராலியில் உவர்நீரைத் தடுத்து நன்னீரைத் தேக்கும் அணை அமைந்ததும் இது கருதியே. கார்த்திகையில் ஆற்றிற் கலந்த அழுக்கு சித்திரையில் நம் கிணற்று வாளியில் வருதல் கூடும். ஆற்றைப் பேணுதல் கிணற்றைப் பேணுதலே என்க.

அக்கிணறுகளின் நிலை யாது? குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளதென்று 1980களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். தோட்டங்களுக்கு அளவின்றி இடப்படும் இரசாயன உரமும், கிணற்றுக்கு மிக அணித்தாக அமைந்த மலசலக் குழிகளும் இதற்கு முதன்மையான காரணங்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அவ்வரையறை கைக்குழந்தைகளை முன்னிட்டே வகுக்கப்பட்டது. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் தீங்கு நீங்குமென நம் தாய்மார் நம்புகின்றனர். கொதித்தலால் நோய்க்கிருமிகள் மடியும் என்பது மெய். நைத்திரேற்றோ கொதித்தலாற் போகாது. நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் எஞ்சிய நீரில் அதன் செறிவு மிகும். இவ்வொரு செய்தி எத்தனை வீடுகளுக்குச் சென்று சேர்ந்துள்ளது? கிணற்று நீரை அளந்தறிந்த மாணவன் தன் வீட்டிற் சொல்லும் சொல், துண்டுப் பிரசுரம் நூறு செய்யாத காரியத்தைச் செய்யும்.

அளவுக் குறிப்பு இல்லாமையால் விளையும் இடர்க்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. சுன்னாகம் சூழலிற் கிணற்று நீரில் கழிவெண்ணெய் கலந்துவிட்டதென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கலக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். மாசு உண்டென்றனர் ஒரு சாரார். அஞ்சத்தக்கதன்று என்றனர் மற்றொரு சாரார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டிலே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மக்கள் பட்ட பாடு பெரிது: எதனை நம்புவது, எதனைக் குடிப்பது, எதனைக் குழந்தைக்குக் கொடுப்பது என்று அறியாது தவித்தனர். அவ்வூர்களின் பள்ளிகளிலே, இந்தக் கிணற்று நீர் சென்ற ஆண்டு இவ்வாறு இருந்தது, அதற்கு முந்திய ஆண்டு இவ்வாறு இருந்தது என்று எடுத்துக்காட்டத்தக்க குறிப்பேடு ஒன்று இருந்திருக்குமாயின், மாற்றம் எப்போது தொடங்கிற்று என்பதேனும் விரைவில் தெரிந்திருக்கும். மாணவரின் குறிப்பேடு வழக்கைத் தீர்த்துவிடாது. ஆயின், எங்கே தேடவேண்டும் என்று ஆய்வாளர்க்குச் சுட்டிக்காட்டும்.

இது புதுவதாக நாம் கண்ட கனவன்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில், ஹியூரன் ஆற்றிலே விளையாடிய மாணவர் சிலர் 1984ஆம் ஆண்டளவில் ஈரல் அழற்சி நோய்க்கு ஆளாயினர். அந்நகர்ப் பாடசாலை ஆசிரியரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஸ்ராப்பும் சேர்ந்து, மாணவரைக் கொண்டே ஆற்று நீரைச் சோதிப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கினர். அம்முயற்சி பின்னர்ப் பல நாட்டுப் பாடசாலைகளையும் இணைத்த பேரமைப்பாக வளர்ந்தது. தென்னாபிரிக்காவிலோ, ஓடை நீரில் வாழும் சிற்றுயிர்களை வலையிற் பிடித்து, இன்னின்னவை காணப்பட்டால் நீர் தூயது, இன்னின்னவை மட்டுமே காணப்பட்டால் நீர் கெட்டது என்று புள்ளியிட்டு அறியும் எளிய முறையொன்று வகுக்கப்பட்டு, அங்குள்ள பள்ளிச் சிறுவராற் கையாளப்படுகின்றது. விலையுயர்ந்த கருவியின்றியும் ஆற்றின் நலத்தை அறியலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அந்நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்து நம் வழுக்கியாற்றுக்குப் பொருத்துதல் தகாது. நம் நீரில் வாழும் தும்பிக் குஞ்சு யாது, செம்புழு யாது என்று நாமே பார்த்துப் பட்டியலிடல் வேண்டும். அதுவே விலங்கியல் மாணவருக்கு ஆண்டு முழுதுக்கும் போதிய பாடமாகும்.

இனி, அளக்கவேண்டியவை எவை என்று சுருங்கக் கூறுவோம். வெப்பநிலை, கலங்கல், அமில காரத் தன்மை, மின்கடத்துதிறன், கரைந்துள்ள ஒட்சிசன், நைத்திரேற்று ஆகிய ஆறும் போதும். மின்கடத்துதிறன் நீரிற் கரைந்த உப்பின் அளவைக் காட்டும். அராலிப் பக்கத்தில் உவர் ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதைக் கைக்கு அடங்கும் சிறு கருவி நொடிப்பொழுதில் உணர்த்திவிடும். ஒட்சிசனோ நீரின் உயிர்ப்பு. நம் நாட்டு வெப்பத்தில், அதாவது 30 பாகை செல்சியசில், ஒரு லீற்றர் நன்னீர் காற்றிலிருந்து ஏற்று வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமே. சாக்கடையும் அழுகற் பொருளும் நீரிற் சேர்ந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அச்சிறு இருப்பையும் உண்டுவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மேலே வரும்.

கிணறுகளுக்கு ஏழாவதாக ஒரு சோதனையும் உண்டு. இந்திய விஞ்ஞானிகள் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. மருந்தூட்டிய தாளிட்ட சிறு போத்தலில் நீரை நிரப்பி மூடி வைத்தால், மலக்கழிவு கலந்த நீராயின் ஓரிரு நாளிற் கறுத்துவிடும். நம் வெப்பநாட்டில் இதற்குத் தனிச் சூடேற்றும் பெட்டியும் வேண்டா. கறுத்த போத்தலைக் கண்ட இல்லத்தார்க்கு வேறு விளக்கம் சொல்லவேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஆற்றையும், ஆறு வற்றிய காலத்தில் கரையோரக் கிணறுகளையும் அளந்து வந்தால் ஆண்டு வட்டம் நிறைவுறும்.

எனினும், கருவியைக் கொடுத்துவிட்டால் அளவு வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அளத்தல் ஓர் ஒழுக்கம். நீர்ப்பாசி மிகுந்த குளத்தில் விடியற்காலையில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். பகலொளியில் பாசி ஒட்சிசனை வெளியிடுதலால் பிற்பகலில் மிகுந்திருக்கும். சென்ற மாதம் காலை ஏழு மணிக்கும் இந்த மாதம் மாலை மூன்று மணிக்கும் அளந்துவிட்டு, ஆறு திருந்திவிட்டதென மகிழ்வார் தம்மையே ஏமாற்றிக்கொள்வர். ஒரே இடம், ஒரே வேளை, ஒரே முறை என்பவை தவறலாகா. ஒருவர் அளந்ததை அவர் குறித்த எண்ணைப் பாராது மற்றொருவர் அளத்தல் வேண்டும். இருவர் எண்ணும் பொருந்தாவிடின் மீண்டும் அளத்தல் வேண்டும். முந்திய எண்ணை அழித்தெழுதாது, கோடிட்டு வைத்துப் புதிய எண்ணைப் பக்கத்தில் எழுதுதல் வேண்டும். காலத்துக்குக் காலம் ஒரு போத்தல் நீர் அரசாங்க ஆய்வுகூடத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சென்று ஒப்பு நோக்கப்படல் வேண்டும். இவ்வொழுக்கத்தில் ஓராண்டு பயின்ற மாணவன் விஞ்ஞானம் கற்றான் என்று மட்டுமன்று, வாய்மை கற்றான் என்றும் சொல்லலாம். தான் விரும்பிய எண்ணை எழுதாது, கண்ட எண்ணை எழுதுதலே வாய்மையன்றோ?

தமிழாசிரியரின் அலுவல் இங்கேதான் தொடங்குகின்றது. நைத்திரேற்றின் அளவை எழுதுவதில் இரு வழக்குகள் உள. நைத்திரேற்று முழுமையையும் நிறுத்து எழுதுவது ஒன்று. அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதுவது மற்றொன்று. முன்னையதில் 50 என வருவது பின்னையதில் ஏறத்தாழ 11 என வரும். இரண்டும் ஒரே நீரே, ஒரே தீங்கே. எந்த வழக்கென்று ஒரு சொல் எழுதாது விட்டால், 11 என்னும் எண்ணைக் கண்டவர் ஐம்பதுக்கு மிகக் கீழே உள்ளதென அமைதி கொள்வர். அவர்தம் குழந்தையோ எல்லையில் நிற்கும் நீரைக் குடித்துக் கொண்டிருக்கும். ஒரு சொல்லின் குறைவு ஓர் உயிரின் குறைவாதல் கூடும். "நீர் மோசம்" என்று எழுதுவதற்கும், "பாலத்தின் தென்புறத்தில், மழை பெய்து இரண்டாம் நாள், காலை ஏழு மணிக்கு, நீர் பச்சை நிறமாகவும் துர்நாற்றமுடையதாகவும் இருந்தது" என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிப்பது மொழிப் பாடமே. வசனநடையைத் தெளிவுக்கும் பிழையின்மைக்கும் உரிய கருவியாக ஆக்கிய நாவலர் பெருமான் பிறந்த மண்ணில், இப்பணியைத் தமிழுக்குப் புறம்பானதென்று யார் சொல்ல வல்லார்? வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்த திருக்குறளை வகுப்பிற் கற்பித்துவிட்டு, வெளியே வந்த நீரைக் குப்பையோடு செல்லவிட்டுப் பார்த்திருப்பது கற்றதற்கு அழகாகாது.

எதிர்த்துக் கூறுவார் கூற்றையும் நோக்குவோம். முதலாவது, பரீட்சை. மாணவர்க்குப் பாடமும் தனிவகுப்பும் போக நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்பர். மாதம் ஒரு நாள், காலை இரண்டு மணி நேரமே நாம் கேட்பது. அந்நேரத்தில் இரசாயனவியல், உயிரியல், புவியியல், கணிதம் என நான்கு பாடங்கள் ஏட்டை விட்டு எழுந்து நடந்து வருகின்றன. உயர்தர வகுப்பில் அமில காரத் தன்மையை மனப்பாடம் செய்யும் மாணவன், அதனை ஒரு முறையேனும் ஆற்றங்கரையில் அளந்திருப்பின் மறவான்.

இரண்டாவது, ஆபத்து. இதனை நாம் இலகுவாக எண்ணவில்லை. 2024ஆம் ஆண்டு மார்கழியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. வெள்ளநீரில் வெறுங்காலோடு இறங்குவது தகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆதலின், மாணவர் ஆற்றில் இறங்குதல் ஆகாது. பாலத்தின்மேல் நின்று கயிறு கட்டிய வாளியால் நீர் மொள்ளல் வேண்டும். கையுறை அணிதல் வேண்டும். முடிந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவல் வேண்டும். வெள்ளம் பெருகிய நாளில் ஒருவரும் போகலாகாது. ஆசிரியர் இருவர் உடன் செல்லாது, பெற்றோர் எழுத்து மூலம் இசையாது, ஒரு மாணவனும் அழைத்துச் செல்லப்படலாகாது.

மூன்றாவது எதிர்ப்பு நுட்பமானது. இம்மாணவர் தம் உறவினரையும் அயலவரையும் காட்டிக்கொடுக்கும் ஒற்றராகி விடுவரோ என்னும் அச்சம் அது. உரமிடும் கமக்காரன் நம் மாணவனின் தந்தை. குழி அமைத்த வீட்டுக்காரர் அவன் மாமனார். இவர்களைக் குற்றஞ்சாட்டும் பணியைச் சிறுவர் தோளிற் சுமத்துதல் முறையன்று. மாணவர் பணி அளத்தலும் எழுதுதலுமே. எவர் செய்தார் என்பது அவர்தம் ஏட்டில் வருதல் வேண்டா. கிணற்று நீரின் முடிவு முதலிற் கிணற்றுக்குரியவரிடமே இரகசியமாகக் கூறப்படல் வேண்டும். ஆற்று நீரின் முடிவோ ஊருக்குப் பொது. அது சனசமூக நிலையத்துப் பலகையிலும் பாடசாலைப் பலகையிலும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், மாதந்தோறும் ஒட்டப்படல் வேண்டும். தீங்கு மிக்கதென ஐயுறத்தக்க எண் காணப்படின், அதிபர் வாயிலாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் அறிவித்தல் வேண்டும். மேலே நடவடிக்கை எடுப்பது வளர்ந்தோர் பொறுப்பு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் அதற்கென்றே இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த அதிகார சபையும் உள்ளது. சிறுவர் அளந்து சொல்லியும் பெரியோர் அசையாதிருப்பாராயின், அவ்வசைவின்மையும் ஏட்டிற் பதிவாகும் என்பதை மட்டும் பெரியோர் நினைவிற் கொள்வாராக.

நான்காவதாக, தொடங்கிய வேகத்தில் அணைந்துவிடும் முயற்சிகளை நாம் கண்டிருக்கின்றோமே என்பர். இதுவே மெய்யான இடர். ஓர் ஆசிரியர் ஊக்கத்தால் தொடங்கும். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் கருவிகள் அலுமாரிக்குள் துருப்பிடிக்கும். ஓராண்டு அளவால் ஒன்றும் அறியவியலாது. பத்தாண்டுத் தொடர்ச்சியே ஆற்றின் வரலாறாகும். ஆசிரியர் மாறுவர், மாணவர் வெளியேறுவர், மாறாது நிற்பது பழைய மாணவர் சங்கம் ஒன்றே. இதனாலன்றோ இவ்வேண்டுகோளை இம்மலரில் எழுதுகின்றோம்! கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவ அன்பர்களே, நீவிர் ஒருமுறை அனுப்பும் பெருந்தொகையினும், ஆண்டுதோறும் தவறாது அனுப்பும் சிறுதொகையே இப்பணிக்கு வேண்டுவது. சோதனைத் தாள்கள் காலாவதியாகும், மின்கருவி ஆண்டுதோறும் திருத்தப்படல் வேண்டும், போத்தல் உடையும். உங்களுள் பொறியியலாளரும் மருத்துவரும் ஆய்வுகூடத்தாரும் பலர். விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு காலைப் பொழுது மாணவரோடு பாலத்தில் நின்று, அவர் அளப்பதைச் சரிபார்த்துக் கொடுப்பீராயின், அது பொற்காசினும் பெறுமதி மிக்கது.

கல்லூரி நிருவாகத்தாருக்கும் ஒன்று கூறுவோம். குறிப்பேட்டை நூல்நிலையத்தில், பரிசுப் பட்டியலும் அதிபர் வரிசையும் இருக்கும் அதே அலுமாரியில் வையுங்கள். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் அதிபர் அறிக்கை வாசிக்கும்போது, பரீட்சைப் பெறுபேறுகளோடு ஆற்று நீரின் பெறுபேற்றையும் வாசியுங்கள். நம் மாணவர் எத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்று கேட்டு மகிழும் சபை, நம் ஊர் நீர் சென்ற ஆண்டினும் நல்லதா தீயதா என்றும் கேட்டு அமர்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டனார் துலா மிதித்து இறைத்த நீர் இது. அவர் காலத்தில் நீரைச் சோதிக்கும் கருவி இல்லை. நீரிற் கலக்க நஞ்சும் மிகுதியாக இல்லை. உங்கள் காலத்தில் நஞ்சு வந்துவிட்டது, கருவியும் வந்துவிட்டது. இரண்டாவதைக் கையில் எடுக்காது முதலாவதை மட்டும் ஏற்றுக்கொண்டு வாழ்தல் அறிவுடைமையாகாது. வரும் ஐப்பசி மழைக்கு முன்னர் உங்கள் முதற் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் நாளும் இடமும் எழுதித் தொடங்குங்கள். அடுத்த யூபிலி மலர் வெளிவரும் நாளில், அதனை எழுதுவோர் நம்மைப்போல் வேண்டுகோள் விடுக்காது, உங்கள் ஏட்டைப் புரட்டி ஆற்றின் வரலாற்றை எழுதுவாராக.

வாழ்க கல்லூரி! வளம் பெறுக ஊர் நீர்!